எந்த வட்டத்துக்குள் நிற்பது: தன்பாலீர்ப்பு ஆண்களும் விக்கா தீட்சையும்

இரண்டு வருடங்களுக்கு முன், மார்ச் மாதக் குளிரில், என்னோடு வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் மதிய உணவு டப்பாவைத் திறக்காமலேயே ஒரு தாளை என் பக்கம் தள்ளினான். பென்சிலால் கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரித்திருந்தான். முதல் பத்திக்கு மேலே 'மினோவன்', இரண்டாவதில் 'கார்ட்னர்', மூன்றாவதில் 'ஃபேரிகள்'. எல்லாவற்றுக்கும் கீழே, பொடி எழுத்தில், 'அல்லது தனியாகவே?'. வீடு வாங்கப் போகிறவன் நாலு வங்கிகளின் வட்டியை எழுதி வைத்துக்கொள்வது போல, எந்த மரபில் தீட்சை பெறுவது என்று பட்டியல் போட்டிருந்தான். "உங்கள் ஊரில்தான் குரு, தீட்சை எல்லாம் ஆயிரம் வருடமாக இருக்கிறதே, நீ சொல்" என்றான்.

அவன் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். வயது முப்பத்தெட்டு. தன் விருப்பம் ஆண்களிடம் என்று தெரிந்த பிறகு, இருபது வயதில் தேவாலயத்தை விட்டான். ஆனால் மெழுகுவர்த்தி, சாம்பிராணி, எல்லோரும் ஒரே வரியை ஒன்றாகச் சொல்லும் அந்த நிமிடம், இவை அவனை விடவில்லை. நான் மயிலாடுதுறைப் பக்கத்துக்காரன். தாத்தா சிவதீட்சை பெற்றவர். காலையில் திருநீற்றைக் குழைத்துப் பூசி அனுட்டானம் முடிக்காமல் காப்பி டம்ளரைத் தொட மாட்டார். எனக்கு அதில் ஒன்றும் ஒட்டவில்லை. இருந்தாலும் தீட்சை என்றால் என்ன என்று ஒரு வீட்டுக்குள் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில், அவனோடு சேர்ந்து இதை ஆராயத் தொடங்கினேன். கீழே எழுதுவது அதில் எனக்குத் தெரியவந்தது. நான் எந்த வட்டத்திலும் சத்தியம் செய்தவன் அல்லன். ஆகவே எந்த ரகசியத்தையும் உடைக்கவில்லை.

முதலில் ஒரு சொல் தகராறு. 'விட்ச்கிராஃப்ட்' என்பதைத் தமிழில் சூனியம் என்று எழுதினால் ஊசி குத்திய பொம்மையும் வாசலில் நறுக்கிப் போட்ட எலுமிச்சம்பழமும்தான் நம் கண்முன் வரும். இவர்கள் பேசுவது அதை அல்ல. நிலவின் வளர்பிறை தேய்பிறையையும், வருடத்தின் எட்டுப் பருவ நாட்களையும் பின்பற்றி, தரையில் வட்டம் வகுத்து, அம்மனையும் கொம்புள்ள ஒரு தெய்வத்தையும் அழைத்து வழிபடும் சமயம் அது. அதன் பெரிய கிளைக்கு விக்கா என்று பெயர். வழிபாட்டோடு மந்திரமும் உண்டு. நம் ஊர்க் கோயில்களில் தாயத்து மந்திரிப்பதும் அர்ச்சனையும் ஒரே திண்ணையில் நடப்பது போலத்தான்.

விக்காவை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர். இங்கிலாந்தில் 1884இல் பிறந்தவர், 1900இல் தேயிலைத் தோட்ட வேலைக்காக வந்து இறங்கிய இடம் இலங்கை. 1910இல் கொழும்பில், ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதரச் சங்கத்தின் கிளை ஒன்றில் சேர்ந்தார். பிறகு போர்னியோ, மலாயா என்று சுற்றி, 1936இல் ஓய்வு பெற்று நாடு திரும்பினார். 1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் இருந்த ஒரு பழைய குழு தனக்குத் தீட்சை கொடுத்ததாக அவர் சொன்னதை வரலாற்று ஆய்வாளர்கள் அப்படியே விழுங்குவதில்லை. ஃப்ரீமேசன்களின் மூன்று படிகள், கண்ணைக் கட்டி உள்ளே அழைத்துப் போவது, மார்பில் கூர்மையை வைத்துச் சத்தியம் வாங்குவது ஆகியவை விக்காவிலும் இருப்பதைப் பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைக்கிறது. பூசையில் ஆடையின்றி நிற்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்குப் பொருள் 'வானத்தை உடுத்தியவர்'. திகம்பரம் என்ற நம் சொல்லை உடைத்துப் பாருங்கள், அதேதான்.

பிரிட்டனில் மந்திரவாதத்துக்கு எதிரான பழைய சட்டம் 1951இல் நீங்கியது. கார்ட்னர் 1954இல் நூல் எழுதித் தன் சமயத்தைப் பகிரங்கமாக அறிவித்தார். இங்கிலாந்தில் ஆணும் ஆணும் தனிமையில் சேர்வது குற்றமல்ல என்று ஆனது 1967இல். அதாவது அங்கே விட்ச்சாக இருப்பது சட்டபூர்வமாகிப் பதினாறு வருடம் கழித்துத்தான் தன்பாலீர்ப்பு ஆணாக இருப்பது சட்டபூர்வமானது. அந்த இடைவெளியில் உருவான சடங்கில் எங்களைப் போன்ற ஆண்களுக்கு இடம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கார்ட்னர் மரபின் முதுகெலும்பு ஆண், பெண் என்னும் இரு துருவங்கள். தீட்சை ஆணிடமிருந்து பெண்ணுக்கும் பெண்ணிடமிருந்து ஆணுக்கும்தான் போகும். ஜோடி ஜோடியாக வேலை செய்வார்கள். கிண்ணமும் கத்தியும் சேரும் சடங்குதான் நடுநாயகம். சிவமும் சக்தியும் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாக இராது. ஆனால் நாம் அதைத் தத்துவமாக வைத்துக்கொண்டோம். கார்ட்னர் அதை ஆள் நிறுத்தும் விதியாக்கிவிட்டார்.

இதற்காக இன்றைய கார்ட்னர் குழுக்களிலோ, அறுபதுகளில் அலெக்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிய கிளையின் குழுக்களிலோ தன்பாலீர்ப்பு ஆண்களைச் சேர்ப்பதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. நிறையப் பேர் இருக்கிறார்கள், தலைமைப் பூசாரிகளாகவே இருக்கிறார்கள். சில குழுக்கள் துருவங்களை உடலோடு கட்டாமல் விளக்கம் சொல்கின்றன. ஆனாலும் பெரும்பாலான இடங்களில் உனக்குத் தீட்சை தருபவர் பெண். வட்டத்தில் உன் எதிரில் நிற்பவர் பெண். தெருக்கூத்தில் ராஜபார்ட் கட்டுகிறவர் மேடைக்கு வெளியே ராஜா இல்லை, அதுபோல என்று எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. 'நான் யாரை நேசிக்கிறேனோ அதுவே என் வழிபாட்டின் வடிவமாக இருக்க வேண்டும்' என்று வருகிறவர்களுக்கு உள்ளே ஒரு கல் உறுத்திக்கொண்டே இருக்கும். நண்பன் இரண்டாவது வகை. தாளில் கார்ட்னர் பத்தியில் அவன் எழுதியிருந்த ஒரே குறை: "மறுபடியும் கல்யாண வீட்டில் கடைசி வரிசை."

மினோவன் சகோதரத்துவம் பிறந்ததே இந்த உறுத்தலில் இருந்துதான். அதைத் தொடங்கியவர் எடி புசின்ஸ்கி. 1947இல் பிறந்த நியூயார்க்காரர். 1972இல் தன் துணைவர் ஹெர்மன் ஸ்லேட்டரோடு ப்ரூக்ளின் ஹைட்ஸில் மந்திரப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றைத் திறந்தார். மூலிகை, மெழுகு, பழைய புத்தகம் என்று நம் நாட்டு மருந்துக் கடையின் தூரத்து உறவு போல இருந்திருக்கும். கார்ட்னர் மரபுக்குள்ளும் போய் வந்தவர். 1977இல், ஆண்களை நேசிக்கும் ஆண்களுக்கு மட்டுமான மரபாக இதை அமைத்தார். அந்த வருடத்தில் நியூயார்க் மாநிலத்தில் இரண்டு ஆண்கள் தங்கள் வீட்டுப் படுக்கையறையில் சேர்வது சட்டப்படி குற்றம். மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளியது 1980இல்தான். ஆகவே அந்த முதல் வட்டத்தில் நின்றவர்கள் ரகசியச் சத்தியம் எடுத்துக்கொண்டதில் சமயம் மட்டும் இல்லை.

கார்ட்னர் மரபின் எலும்புக்கூட்டை, அதாவது வட்டம், மூன்று படிகள், சத்தியம், இவற்றை அவர் அப்படியே வைத்துக்கொண்டார். தெய்வங்களைக் கிரேக்கத்தின் கிரீட் தீவில், மினோவன் என்று அழைக்கப்படும் வெண்கலக் கால நாகரிகத்தில் இருந்து கொண்டுவந்தார்: அன்னை ரேயா, அவள் மகனாகிய விண்மீன் காளை ஆஸ்டிரியன். பாம்புகளைக் கையில் பிடித்த பெண் உருவங்களும் காளை மேல் பாயும் இளைஞர்களின் ஓவியமும் நாஸஸ் அரண்மனையில் கிடைத்தவை. 1900இல் அதைத் தோண்டத் தொடங்கியவர் ஆர்தர் எவன்ஸ். (1978இல் மந்திர மரபையும் தன்பாலீர்ப்பையும் இணைத்து நூல் எழுதிய அமெரிக்கப் போராளியின் பெயரும் ஆர்தர் எவன்ஸ். இருவரையும் ஒருவரென்று எண்ணி நான் ஒரு மாலை முழுக்கக் குழம்பினேன்.) அந்த மினோவன் மக்களின் சொந்த எழுத்தை இன்றுவரை யாரும் வாசிக்கவில்லை, அவர்கள் எந்த மந்திரம் சொன்னார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆக இது வெண்கலக் கால மதத்தின் தொடர்ச்சி அல்ல, தொல்லியலின் மேல் எழுப்பிய எழுபதுகளின் நியூயார்க் கற்பனை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. புசின்ஸ்கியே பிற்காலத்தில் கல்லூரிக்குத் திரும்பித் தொல்லியல் படித்தவர். கற்பனைக்கும் சான்றுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று அறியாதவராக அவர் இருந்திருக்க முடியாது. அதே காலத்தில் பெண்களுக்கான மினோவன் மரபும், இரு சாராரும் கூடும் வழிபாடும் அமைந்தன என்பதால், பெண்களுக்கு முழுக்கக் கதவடைத்த மடம் என்றும் இதைச் சொல்ல முடியாது.

பயிற்சி எப்படி நடக்கிறது? இங்கே குழுவைத் தோப்பு என்கிறார்கள். ஒவ்வொரு தோப்பும் தன்னாட்சி. மேலே தலைமைப் பீடம் கிடையாது. ஏழெட்டுப் பேர், ஒருவர் வீட்டுக் கூடம், சோபாவைச் சுவர் ஓரம் தள்ளி இடம் செய்தால் அதுதான் கோயில். தேடி வருகிறவன் முதலில் கடிதம் எழுத வேண்டும். பிறகு பொது இடத்தில் சந்திப்பு. அதன் பிறகு மாதக்கணக்கில் பழக்கம், வாசிப்பு, தீட்சைக்கு முந்தைய வெளிவட்டப் பாடம். ஒரு வருடமும் ஒரு நாளும் என்பது விக்கா உலகின் பழைய கணக்கு; நடைமுறையில் கூடவும் குறையவும் செய்யும். முதல் படிக்குப் பிறகு அடுத்த இரண்டு படிகளுக்கும் வருடங்கள் ஆகலாம். மூன்றாம் படி பெற்றவர் தனித் தோப்பு தொடங்கலாம். சைவத்தின் சமய, விசேட, நிர்வாண தீட்சைகளைக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்த அமைப்பை விளக்கவே வேண்டாம். தீட்சைக்குக் காசு வாங்கக் கூடாது என்பது இரண்டு மரபிலும் வழிவழியாக வரும் விதி. மெழுகுக்கும் ஒயினுக்கும் பங்கு போட்டுக்கொள்வார்கள், அவ்வளவே.

அப்படி நண்பன் ஒரு மினோவன் தோப்புக்காரரை முதலில் சந்தித்தபோது துணையாக நானும் போயிருந்தேன். ஒரு காப்பிக் கடை, ஞாயிறு காலை. வந்தவருக்கு எழுபதை நெருங்கும் வயது, முழங்கையில் தோல் ஒட்டுப் போட்ட ஸ்வெட்டர், காது கேட்கும் கருவி. மாயம் எதுவும் முகத்தில் இல்லை. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் போல இருந்தார். தெய்வத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நன்றாகத் தூங்குகிறாயா, குடிப்பாயா, யாரோடாவது பேச்சு விட்டிருக்கிறாயா, ஏன், என்றெல்லாம் கேட்டார். நண்பன் தயங்கித் தயங்கி ஆடை விஷயத்தைக் கேட்டான். அவர் குரலைத் தாழ்த்தாமல் பதில் சொன்னார்: "ஆம், ஆடையில்லாமல்தான். சடங்கின் சொற்களை உனக்கு இப்போது சொல்ல மாட்டேன். ஆனால் உன் உடம்பிடம் என்ன கேட்போம், என்ன கேட்க மாட்டோம் என்பதை ஒவ்வொரு படிக்கு முன்பும் சொல்லிவிடுவேன். வேண்டாம் என்றால் எழுந்து போகலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள்."

இந்தப் பதிலை நான் பெரிதாக மதிக்கிறேன். மினோவன் மரபு ஆண்களுக்கு இடையேயான காமத்தைப் புனிதம் என்றே கொண்டாடுகிறது. அதை மறைப்பதும் இல்லை. கார்ட்னர் மரபிலும் காமம் உண்டு, பெரும்பாலும் கிண்ணத்தாலும் கத்தியாலும் குறிப்பாகச் செய்து முடிக்கிறார்கள். ஆகவே கேள்வி மினோவன் பக்கம் இன்னும் கூர்மையாகிறது. ரகசியத்தின் பெயரால், உடம்பைப் பற்றிய கேள்விக்கே பதில் மறுக்கிறவரிடம் ஒரு நிமிடம்கூட உட்காரக் கூடாது. மந்திரம் ரகசியமாக இருக்கலாம். சம்மதம் ரகசியமாக இருக்க முடியாது.

பேச்சு, தீட்சை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வழிவழி பற்றித் திரும்பியது. அவர் மேசையில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்து வரிசையாக அடுக்கினார். "இந்த ஓரத்தில் எடி. இந்த ஓரத்தில் நான்." நடுவில் நாலு பொட்டலங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு, மூன்றைக் கவிழ்த்து வைத்தார். "இவர்கள் மூவரும் 1995க்குள் போய்விட்டார்கள்." எய்ட்ஸ் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை. புசின்ஸ்கி 1989இல் அதே நோயில் இறந்தபோது வயது நாற்பத்திரண்டு. ஸ்லேட்டர் 1992இல். கைக்குக் கை மாற்றித்தான் தர முடியும் என்ற விதியுள்ள மரபில் கைகளே இல்லாமல் போன வருடங்கள் அவை. பரிமாறுகிற பெண் வந்து பொட்டலங்களை அள்ளிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போனாள். அவர் சிரித்துவிட்டார்.

அதுவரை 'வழிவழி' என்பது விக்காக்காரர்களின் சாதிப் பெருமை என்றே நான் நினைத்திருந்தேன். யாரிடமிருந்து யாருக்கு என்று பட்டியல் காட்டச் சொல்லி ஒருவரையொருவர் சோதிப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். புசின்ஸ்கியின் கார்ட்னர் தீட்சை பற்றியே சண்டை நடந்திருக்கிறது. அந்தச் சண்டைகள் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் கவிழ்த்து வைத்த மூன்று பொட்டலங்களைப் பார்த்த பிறகு, இந்த மரபில் அந்தச் சொல்லின் எடை வேறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு ஒட்டாதது ரகசியச் சத்தியம்தான். பதினெட்டு வயதில் இருந்து முப்பத்தாறு வரை வீட்டில் யாருக்கும் தெரியாமல் என்னை ஒளித்து வாழ்ந்தவன் நான். அப்பாவிடம் தொலைபேசியில் சொன்ன அன்று மறுமுனையில் அவர் கேட்ட ஒரே கேள்வி, "சாப்பிட்டாயா?". அவ்வளவு பாடுபட்டு வெளியே வந்தபின், இன்னொரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்வது என்னால் ஆகாது. இத்தனைக்கும் கார்ட்னர் மரபின் சடங்கு வாசகங்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்துவிட்டன, ஊரறிந்த ரகசியம். இதை அந்தப் பெரியவரிடமே கேட்டேன். அவர் தன் தாத்தாவைப் பற்றிக் கேட்பது போல என் தாத்தாவைப் பற்றிக் கேட்டார். தாத்தாவுக்குக் காதில் ஓதிய மந்திரத்தை அவர் பாட்டியிடம்கூடச் சொன்னதில்லை, பாட்டியும் அதற்காகக் குறைபட்டதில்லை என்றேன். "அப்புறம்?" என்றார். எனக்கு அதற்கு மேல் வாதம் ஓடவில்லை. இருந்தாலும் மனம் முழுக்கச் சம்மதிக்கவும் இல்லை.

மூன்றாவது பத்தி ஃபேரிகள். 1979இல் அமெரிக்கத் தொழிலாளர் தின வார இறுதியில், அரிசோனா மாநிலத்தில் பென்சன் ஊருக்குப் பக்கத்தில், பாலைவனத்தில் ஓர் ஆசிரமத்தில் சுமார் இருநூறு ஆண்கள் கூடினார்கள். ஆசிரமத்தின் பெயர் ஸ்ரீராம். அழைத்தவர்களில் முக்கியமானவர் ஹாரி ஹே. 1950இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவின் முதல் நிலைத்த தன்பாலீர்ப்பு உரிமை அமைப்பைத் தொடங்கியவர். தண்ணீரை ஊற்றி மண்ணைக் குழைத்து, உடம்பெல்லாம் சேறு பூசி ஆடியதுதான் அந்த வார இறுதியின் சடங்கு. அதிலிருந்து வளர்ந்தவர்கள் ரேடிகல் ஃபேரிகள். டென்னசியில் ஷார்ட் மவுன்டன், ஓரிகனில் வுல்ஃப் கிரீக் போன்ற நிலங்களில் கூடுகிறார்கள். படி கிடையாது, தீட்சை கிடையாது, குரு கிடையாது. ஒரு பொருளைக் கைமாற்றிக்கொண்டே வட்டமாக உட்கார்வார்கள். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் அழுது முடிக்க அரை மணி ஆனாலும் காத்திருப்பார்கள். முடிவுகளை எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எடுப்பார்கள் என்பதால் கழிவறை முறைவாசல் பற்றிய கூட்டம் நம் ஊர்ப் பஞ்சாயத்தைவிட நீளும். அமெரிக்கப் பழங்குடிகளின் சடங்குகளை உரிமையில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அவர்கள் மேல் உண்டு. அதில் நியாயமும் உண்டு. பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பாத வழக்கம் அவர்களுடையது. தனிமையில் வாடுகிறவனுக்கு, தன்னைப் போன்ற நூறு பேரை ஒரே இடத்தில் பார்த்திராதவனுக்கு, மூன்றில் மிகச் சிறந்த மருந்து இதுதான். தினசரி ஒழுங்கு, கற்றதைச் சோதிக்கும் ஆசிரியர், மேலே ஒரு படி என்று தேடுகிறவன் மூன்றாம் நாளே சலித்துப் போவான்.

தாளில் இல்லாத நான்காவது வழி பாடத்திட்டம். நியூ ஹாம்ப்ஷயரில் கிறிஸ்டோபர் பென்சாக் என்ற, தன்பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட எழுத்தாளர் தன் துணைவர்களோடு தொடங்கிய டெம்பிள் ஆஃப் விட்ச்கிராஃப்ட் என்ற அமைப்பில் ஐந்து நிலைப் பயிற்சி இருக்கிறது. எந்தப் பாலினத்தவரும் சேரலாம், இணையம் வழியாகவும் படிக்கலாம், கட்டணம் உண்டு, வீட்டுப்பாடமும் உண்டு. காசு வாங்குவதாலேயே இதை மட்டமாகப் பேசும் பழைய மரபினர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டணம் எவ்வளவு, பாடம் என்ன என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பது ஒரு விதத்தில் நேர்மை. ஊருக்குள் ஒரு குழுவும் இல்லாதவனுக்கு, தோப்பைத் தேடி ஆறு மணி நேரம் வண்டி ஓட்ட முடியாதவனுக்கு, நல்ல வழி.

ஐந்தாவது, நண்பன் பொடி எழுத்தில் எழுதிய 'தனியாகவே'. ஸ்காட் கன்னிங்ஹாம் 1988இல் தனித்து வழிபடுகிறவர்களுக்காக எழுதிய கையேடு வந்தபின், குழு இல்லாமல் தானே தனக்கு நேர்ந்துகொள்வது பெருவழக்காகிவிட்டது. தீட்சை பெறாதவன் விக்காவே இல்லை என்று கார்ட்னர் மரபினர் முணுமுணுப்பார்கள். முதல் ஆளுக்குத் தீட்சை கொடுத்தது யார் என்று கேட்டால் அவர்களும் விழிப்பார்கள். ஒரு வருடம் தனியாக நிலவைப் பார்த்து விளக்கேற்றிப் பார்க்காதவன் குழுவைத் தேடிப் போகவே கூடாது என்பது என் எண்ணம். அந்த ஒரு வருடத்தில் பாதிப் பேருக்கு ஆசை வடிந்துவிடும். வடியாதவனுக்கு என்ன வேண்டும் என்பது தெளிந்துவிடும்.

ஆக, மரபுகளை ஒப்பிடுவதற்கென்று போட்ட தாள் கடைசியில் எங்களுக்கு அதிகம் உதவவில்லை. மந்திரமும் கதையும் புத்தகத்தில் கிடைக்கின்றன. தீட்சையில் கிடைப்பது மனிதர்கள்: யார் முன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கப் போகிறாய், அவரோடு இருபது வருடம் ஒரே மேசையில் சாப்பிட முடியுமா என்பது. அதனால் நாங்கள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் வேறு கேள்விகளை எழுதினோம். இந்தக் குழுவை விட்டுப் போனவர்கள் யார், அவர்களைப் பற்றி இப்போது எப்படிப் பேசுகிறார்கள்? (போனவர்களைத் தூற்றுகிற இடம் நாளை உன்னையும் தூற்றும்.) படி ஏறுவதற்கும் தலைவரின் படுக்கைக்கும் ஏதாவது தொடர்பு வைத்திருக்கிறார்களா? இன்றே முடிவு சொல் என்று அவசரப்படுத்துகிறார்களா? மற்றக் குழுக்களோடு பழகத் தடை போடுகிறார்களா? திருநம்பிகளைச் சேர்ப்பார்களா? ஆண்களுக்கு மட்டும் என்ற மரபில் இந்தக் கடைசிக் கேள்வி தோப்புக்குத் தோப்பு வேறு பதில் பெறும் என்பதால், திருநம்பியாக இருப்பவர் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும். மனச்சோர்வு மருந்து சாப்பிடுகிறவரிடம், மருந்தை நிறுத்து, மந்திரம் போதும் என்று சொல்கிற குரு எந்த மரபில் இருந்தாலும் குருட்டுக் குருதான்.

நண்பன் வீட்டில் இருந்து பத்து நிமிட நடையில் ஒரு கார்ட்னர் குழு இருந்தது. அன்பானவர்கள், தலைமைப் பூசாரிப் பெண்மணி சமைத்த பூசணி சூப்பை நானும் குடித்திருக்கிறேன். காப்பிக் கடைப் பெரியவரின் தோப்போ இரண்டரை மணி நேரப் பயணம், அதில் ஒரு ரயில், ஒரு பஸ். பக்கத்தில் இருப்பதில் சேர் என்று நான் சொன்னேன். கூட்டத்துக்குப் போகாமல் இருக்கச் சாக்குத் தேடும் சோம்பேறி அவன், தூரம் அவனைத் தோற்கடித்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவன் தூரத்தைத் தேர்ந்தெடுத்தான். அந்தக் கோடையில் ஒரு முறை ஃபேரிகளின் கூடுகைக்கும் போய், கொசுக்கடியோடும் சிவந்த கண்களோடும் திரும்பி வந்தான். சந்தோஷமாக இருந்தது, ஆனால் படிக்க ஒன்றும் இல்லை என்றான். பதினைந்து மாதம் வெளிவட்டத்தில் படித்தான். ஒரு முறைகூட வராமல் இருந்ததில்லை என்று பெரியவர் சொன்னார். என் கணக்கு தப்பு.

போன ஐப்பசியில் நான் சென்னைக்குக் கிளம்பும்போது ஒரு உதவி கேட்டான். அவன் தோப்பில் சடங்கு நூலைக் கையால் பெயர்த்தெழுத வேண்டுமாம், அச்சிடக் கூடாதாம். மை ஊறாத தாளில் நல்ல கனமான நோட்டு வேண்டும். பாரிமுனையில் ஒரு பழைய கடையில் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு கிடைத்தது, நானூறு பக்கம். தீபாவளிக்குப் புதுக்கணக்கு எழுதுகிறவர்கள் வாங்குவது. என்ன வியாபாரம் என்று கடைக்காரர் கேட்டார். நண்பருக்கு என்றேன். கேட்காமலேயே முதல் பக்க மூலையில் மஞ்சள் தடவி, தினத்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

நண்பன் பிரித்தவுடன் அந்த மூலையை முகர்ந்து பார்த்தான். முதல் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு இரண்டாம் பக்கத்தில் இருந்து எழுதப் போவதாகச் சொன்னான். போன வாரம் அவன் விரலில் நீல மை ஒட்டியிருந்தது. எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். அறுபத்திரண்டு பக்கம் என்றான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தோம்.